பாலம் இறங்கும் கரை: ஹவுராவும் ஹூக்ளியைக் கடக்கும் வழிகளும்

‘ஹவுரா மெயில்’ தமிழ்நாட்டில் பல தலைமுறைகளுக்குப் பழகிய பெயர். சென்னை சென்ட்ரலில் ஏறி, ஆந்திரத்தையும் ஒடிசாவையும் தாண்டி ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹவுரா என்றால் ஒரு ரயில் நிலையம், அதன் வாசலில் ஒரு பாலம், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டியதும் கொல்கத்தா வந்துவிடுகிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹவுரா மாநகராட்சிக்குள் வாழ்ந்தவர்கள் 10,77,075 பேர். ஐம்பது சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில், சதுர கிலோமீட்டருக்கு இருபதாயிரம் பேருக்கு மேல். மேற்கு வங்கத்தில் கொல்கத்தாவுக்கு அடுத்த பெரிய நகரங்களில் ஒன்று. அந்த மக்களுக்கு, அவர்கள் வாசலில் நிற்கும் இந்தப் போக்குவரத்து வசதிகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன?

ஹவுராவின் போக்குவரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆற்றைக் கடப்பதிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை பாலம், எத்தனை வாகனம், எத்தனை நிமிடம் என்ற கணக்கே முன்னால் வருகிறது. இக்கட்டுரை அதற்கு மாறான ஒன்றை முன்வைக்கிறது. கடந்த 150 ஆண்டுகளில் ஆற்றைக் கடக்கும் வழிகள் பெருகிவிட்டன. அவை கரையில் இறங்கும் இடங்கள் பெருகவில்லை. ஹவுராவின் நெரிசல் ஆற்றின் மேல் உண்டானதல்ல, கரையில் உண்டானது.

தொடக்கம் 1854. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் பயணி வண்டி ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்குப் புறப்பட்டது. தலைநகரம் கிழக்குக் கரையில் இருக்க, ரயிலின் தலைமுனை மேற்குக் கரையில் அமைந்ததற்குக் காரணம் எளிது. ராணிகஞ்ச் நிலக்கரி வயல்கள் மேற்கில் இருந்தன. வட இந்தியாவுக்குப் போகும் பாதையும் அந்தப் பக்கமே. ஓதத்தில் ஏறி இறங்கும் ஆழமான ஆற்றின் குறுக்கே அன்று ரயில் பாலம் கட்டும் துணிவும் பணமும் யாரிடமும் இல்லை. பயணிகள் கொல்கத்தாவின் ஆர்மீனியன் காட் படித்துறையில் சீட்டு வாங்கி, படகில் கடந்து வந்து ஹவுராவில் ரயில் ஏறினார்கள். ஹூக்ளியின் மேல் முதல் ரயில் பாலம் 1887இல் வந்தது. அது ஹவுராவில் அல்ல, வடக்கே ஹூக்ளிக்கும் நைஹாட்டிக்கும் இடையே. ஹவுரா நிலையம் கொல்கத்தாவின் எதிர்க்கரையிலேயே நிலைத்துவிட்டது.

நிலையம் வந்த பிறகு பாலம் தவிர்க்க முடியாததாயிற்று. 1871இல் ஹவுரா பாலச் சட்டம் இயற்றப்பட்டது. 1874இல் பிராட்ஃபோர்ட் லெஸ்லியின் வடிவமைப்பில் மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், வேலை முடியும் முன்பே, புயலில் கட்டறுத்துக்கொண்ட ‘எஜீரியா’ என்ற நீராவிக் கப்பல் மோதிப் பாலத்தைச் சேதப்படுத்தியிருந்தது. மிதவைப் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் போகத் திறந்தாக வேண்டும். அப்போதெல்லாம் மாட்டுவண்டிகளும் சுமை தூக்குவோரும் ரயிலைப் பிடிக்க ஓடியவர்களும் இரு கரையிலும் காத்துக் கிடந்தனர். 1906 முதல் இரவிலும் திறக்க வழி செய்த பிறகுதான் பகல் நேர அடைப்பு குறைந்தது. துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் இடையே அன்று யாருக்கு முன்னுரிமை என்பது இதிலேயே தெரிகிறது.

இன்று நாம் காணும் ஹவுரா பாலம் 1943 பிப்ரவரி 3 அன்று, போர்க்காலத்தில், பெரிய விழா எதுவுமின்றித் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாடா ஆலையிலிருந்து வந்தது. நட்டும் போல்ட்டும் இல்லாமல், முழுக்க ஆணியறைந்து இணைத்த கட்டுமானம். இரு கோபுரங்களுக்கு நடுவே 457 மீட்டர். ஆற்றுக்குள் ஒரு தூண் கூட இல்லை. தூண் நட்டால் வண்டல் படிந்து கப்பல் வழி கெட்டுவிடும் என்ற அச்சமே இந்த வடிவத்தைத் தந்தது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் வாகனங்களும் ஒன்றரை லட்சம் பாதசாரிகளும் இதைக் கடப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கணக்கில் நடப்பவர்கள் வாகனங்களை மிஞ்சுகிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

காலை நேரத்தில் பாலத்தின் நடைபாதையைப் பார்த்தால் இது புரியும். பாக்னான், கோலாகாட் பக்கத்து லோக்கல் ரயில்களில் வந்த செண்டுமல்லிச் சரங்கள் மலைப்பாம்புச் சுருள்போல் தலைமேல் ஏறி, எதிர்க்கரையின் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போகின்றன. மீன் கூடை, துணி மூட்டை, அலுவலகப் பை எல்லாம் ஒரே ஓட்டத்தில் நகர்கின்றன. பாலத்தின் தொங்கு தண்டுகளின் அடியைக் காக்கும் எஃகு உறைகள், துப்பிய வெற்றிலைச் சாற்றால் அரிக்கப்பட்டு, ஆறு மில்லிமீட்டர் தடிமனிலிருந்து மூன்றுக்கும் கீழே தேய்ந்தன. 2011 வாக்கில் அவற்றுக்குக் கண்ணாடி இழை உறை போடவேண்டி வந்தது. இதை நாகரிகக் குறைபாடு என்று பேசி முடிப்பவர்கள் உண்டு. நாள்தோறும் இத்தனை பேர் நடந்தே கடக்கிறார்கள் என்பதை எஃகே பதிவுசெய்த சான்றாகவும் அதைப் படிக்கலாம்.

இந்த மக்கள் ஹவுராவுக்கு ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரயிலும் ஆறும் சேரும் இடத்தில் நிலக்கரி மலிவு, கூலியாள் அருகில், துறைமுகம் எதிரே. சணல் ஆலைகள் ஆற்றோரம் வரிசையாக எழுந்தன. அவற்றின் பின்னே, பெலிலியஸ் சாலை போன்ற தெருக்களில் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் வீடுகளோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரம் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர். தொமினிக் லாப்பியேரின் ‘சிட்டி ஆஃப் ஜாய்’ நாவலுக்குக் களமான பில்கானா சேரி இந்த ஊரில்தான் இருக்கிறது. போக்குவரத்துத் தொடர்பே இந்த நெருக்கத்தை உண்டாக்கியது. ஆகவே நெருக்கத்தின் சுமைக்கும் அது பொறுப்பேற்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தப் பொறுப்பு ஓரளவு ஏற்கப்பட்டும் இருந்தது. ஹவுரா பக்கத்து டிராம் 1905இல் ஓடத் தொடங்கியது. நிலையத்திலிருந்து வடக்கே பாந்தாகாட் வரையும், பின்னர் தெற்கே ஷிப்பூர் வரையும் ஆற்றுக்கு இணையாகச் சென்று, ஊரின் நீளம் முழுவதையும் அது நிலையத்தோடு இணைத்தது. 1897இல் மார்ட்டின் நிறுவனத்தின் இரண்டடி அகல சிறு ரயில் ஹவுராவிலிருந்து ஆம்தாவுக்கும் ஷியாகாலாவுக்கும் ஓடியது. காய்கறி, பால், ஆலைத் தொழிலாளி எல்லாம் அதில் வந்தன. டிராம் தடங்கள் 1970-71இல் மூடப்பட்டன. மார்ட்டின் ரயிலும் 1971இல் நின்றது.

இந்த இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் வந்ததை வரலாற்று நூல்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஹவுராவின் போக்குவரத்து வரலாற்றில் 1943க்கு நிகரான திருப்பம் 1971 என்றே கருத வேண்டும். ஊருக்குள்ளே ஆளை எடுத்துச் செல்லும் இரும்புப் பாதைகள் இரண்டும் அப்போது போயின. ஆம்தாவுக்கு ரயில் மீண்டும், இம்முறை அகலப்பாதையில், போய்ச் சேர 2000கள் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பயணிகள் எல்லாரும் குறுகலான கிராண்ட் டிரங்க் (ஜி.டி.) சாலைக்கும் அதன் மினி பஸ்களுக்கும் தள்ளப்பட்டனர். இன்று பேட்டரியில் ஓடும் ‘டோட்டோ’க்கள் அதே வேலையைச் செய்கின்றன. நெரிசலுக்கு டோட்டோக்காரர்களைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. டிராம் விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்புகிறவர்கள் அவர்கள் என்பதை அந்தக் குறை மறைத்துவிடுகிறது.

அதே ஆண்டுகளில் அரசின் கவனம் இரண்டாவது பெரும் பாலத்தின் மீது இருந்தது. 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய வித்யாசாகர் சேது, கம்பிவடங்களில் தொங்கும் 823 மீட்டர் நீளப் பாலம், இருபது ஆண்டுகள் கழித்து 1992 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுங்கம் செலுத்தி வாகனங்கள் கடக்கும் அதன் மேற்கு முனை ஷிப்பூரில் இறங்கி, கோனா விரைவுச்சாலை வழியாக தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. லாரிகளுக்கும் கார்களுக்கும் அது பெரிய விடுதலை. ஷிப்பூரின் தெருவில் வாழ்பவருக்கு அது தலைக்கு மேலே போகும் சாலை. 2013இல் மாநிலத் தலைமைச் செயலகமே அந்தப் பாலத்தின் அடிவாரத்தில் உள்ள நபன்னா கட்டடத்துக்கு மாறியது. ஆட்சி ஹவுராவுக்கு வந்தது. வந்து உட்கார்ந்த இடமும் பாலத்தின் வாய்தான்.

வாரந்தோறும் ஹவுரா மைதானத்தை ஒட்டிக் கூடும் மங்களா ஹாட் துணிச்சந்தை, எல்லாம் ஒரே முனையில் குவியும் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும். டோம்ஜூர் போன்ற சுற்றுப்பகுதிகளில் தைத்த ஆடைகள் மூட்டை மூட்டையாக இரவிலேயே வந்து சேரும்; பீகார், அசாம் வியாபாரிகள் தொலைதூர ரயில்களில் வந்திறங்கி, வாங்கி, அன்றே திரும்புவார்கள். நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தக் குறுகிய தூரத்தில் பஸ், டோட்டோ, கைவண்டி, தலைச்சுமை அனைத்தும் ஒரே சாலையில் நெருக்குகின்றன. 2023 ஜூலையில் சந்தையில் தீப்பிடித்து ஏராளமான கடைகள் சாம்பலாயின. இத்தனை பொருளும் இத்தனை பேரும் ஒரே முனையில் குவியும்போது ஒரு தீப்பொறி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த இரவு காட்டியது.

இந்த நிலையில்தான் ஆற்றுக்கு அடியே செல்லும் மெட்ரோ வந்தது. 2017இல் இரட்டைச் சுரங்கங்கள் ஹூக்ளியின் அடியில் 520 மீட்டர் தூரத்தைக் கடந்தன. 2019இல் கிழக்குக் கரையில் பவுபஜார் பகுதியில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் கண்டு சாய்ந்ததால் வேலை தடைப்பட்டது. 2024 மார்ச்சில் ஹவுரா மைதானம் முதல் எஸ்பிளனேட் வரையிலான 4.8 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் முதல் சியால்தா வழியாக சால்ட் லேக் வரை முழுத்தடமும் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம் போதும். நாளேடுகள் இந்த முக்கால் நிமிடத்தைக் கொண்டாடின.

கொண்டாட வேண்டியது வேறொன்று. ஹவுரா மெட்ரோ நிலையத்தோடு இந்தத் தடம் நின்றிருக்கலாம். ரயில் பயணிகளுக்கு அதுவே போதும். அது மேலும் ஒரு நிலையம் மேற்கே சென்று மைதானத்தில் முடிகிறது. டிராம் போனபின், பெரிய முதலீட்டில் அமைந்த ஓர் ஆற்றுக் கடப்பு நிலையத்தின் வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தது இதுவே முதல்முறை. தூரம் சிறிது, ஆனால் திசை சரியானது.

இறங்கும் இடங்கள் பெருக வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரயில், பஸ், படகு, மெட்ரோ எல்லாம் ஒரே இடத்தில் கூடினால் மாறி ஏறுவது எளிது. பெருநகரங்கள் எல்லாம் அதைத்தானே விரும்புகின்றன? உண்மைதான். 23 நடைமேடைகள் கொண்ட நிலையத்தில் இறங்கும் புறநகர்ப் பயணிக்கு இந்தக் குவிப்பு பெரிய வசதி. ஆனால் மாறி ஏறுகிறவர் வேறு, அங்கே வாழ்கிறவர் வேறு. ஹவுராவின் சால்கியா பகுதியில் குடியிருந்து வடகொல்கத்தாவில் வேலை செய்பவர் இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அவரைக் காப்பது ‘லஞ்ச்’ எனப்படும் பயணிகள் படகு. பாந்தாகாட்டிலிருந்து அகிரிதோலாவுக்கும், ராமகிருஷ்ணபூர், ஷிப்பூர் துறைகளிலிருந்து பாபுகாட் பக்கத்துக்கும், நாஜிர்கஞ்சிலிருந்து மெட்டியாப்ருஸுக்கும், பேலூரிலிருந்து தட்சிணேசுவரத்துக்கும் படகுகள் போகின்றன. பாலம் போக்குவரத்தை ஓரிடத்தில் குவிக்கிறது. படகு அதைக் கரை நெடுகப் பிரித்துவிடுகிறது. ஹவுராவின் மேற்குக் கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர் என்பதால் இந்தப் பிரிப்பே அதன் உடலுக்குப் பொருந்தும். சில ரூபாய்க் கட்டணத்தில், சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் வேறெந்த வழியும் இங்கே இல்லை.

ஆனால் கடக்கும் வழிகளில் மிகக் குறைந்த முதலீடு பெற்றதும் இதுவே. ஹவுராவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹூக்ளி நதி ஜலபத பரிபகன் கூட்டுறவுச் சங்கம் நீண்டகாலமாக நிதி நெருக்கடியில் இருக்கிறது. பழைய லஞ்ச்கள், தேய்ந்த ஜெட்டிகள். 2017 ஏப்ரலில் ஆற்றின் மேல்பகுதியில், பத்ரேசுவர் அருகே தெலினிபாராவில், மூங்கிலால் கட்டிய தற்காலிக ஜெட்டி ஓதவெள்ளத்தின் வேகத்தில் சரிந்து பலர் உயிரிழந்தனர். ஏறி இறங்கும் நீர்மட்டத்துக்கு ஏற்பத் தானும் ஏறி இறங்கும் மிதவை ஜெட்டி இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. 2021 ஜனவரியில் கையெழுத்தான, 10.5 கோடி டாலர் உலக வங்கிக் கடனில் நடக்கும் மேற்கு வங்க உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துத் திட்டம் ஜெட்டிகளையும் படகுகளையும் சீர்செய்ய முனைந்திருக்கிறது. ஒரு பெரும்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. பயனடைவோர் எண்ணிக்கையோ சிறிதல்ல.

ஜெட்டியைச் சீர்செய்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாந்தாகாட்டில் இறங்குபவர் ஜி.டி. சாலைக்கு நடக்கும் சந்தில் நடைபாதை வேண்டும். துறைவாசலில் டோட்டோக்களுக்கு இடம் வேண்டும். மெட்ரோ அட்டையே லஞ்சிலும் செல்ல வேண்டும். மெட்ரோவை மைதானத்திலிருந்து சாந்த்ராகாச்சிக்கு நீட்டும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. அது நடக்குமானால், விரைவுச்சாலையை ஒட்டிய எளிய நிலத்தில் அதை அமைக்கும் ஆசை எழும். கதம்தலா, ராம்ராஜாதலா போன்ற நெருக்கமான குடியிருப்புகளுக்கு அடியில் போகும் தடம் செலவு மிக்கது. பவுபஜார் அனுபவத்துக்குப் பின் அச்சமும் மிக்கது. ஆயினும் 1971இல் ரயிலையும் டிராமையும் இழந்த மக்கள் வாழ்வது அந்தத் தெருக்களில்தான்.