டீசல் பொறியில் குளிர்விப்பும் கழிவு வெப்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வெப்பப் பொறி எதுவும் எரிபொருளின் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. எஞ்சும் வெப்பம் பெரும்பாலும் குளிர்நீர் வழியாகவும் புகை வழியாகவும் வெளியேறுகிறது. இதனை ‘இழப்பு’ எனக் குறிப்பது பொறியியல் நூல்களின் மரபு. ஆனால், எந்த அளவு வெப்பம் இழப்பாகிறது என்பதை இயற்பியல் விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. பொறி நிற்கும் இடமும் அதனைச் சூழ்ந்த சமூக ஏற்பாடுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நிலையாக நிறுவப்பட்ட டீசல் பொறிகளின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

குளிர்விப்பை விலக்கிய கோட்பாடு

ருடால்ஃப் டீசல் (1858–1913) மியூனிக்கில் கார்ல் வான் லிண்டேயிடம் பயின்றவர்; பின்னர் அவருடைய குளிர்பதன நிறுவனத்தில் பணியாற்றியவர். நீராவிப் பொறிகள் எரிபொருளின் பெரும்பகுதியை வீணாக்குவது அவரது சிந்தனைக்குத் தொடக்கமாக அமைந்தது. காற்றை மிக உயர்ந்த அழுத்தத்திற்கு அமுக்கி, எரிதலின்போது வெப்பநிலை மேலும் உயராதவாறு எரிபொருளைப் படிப்படியாகச் செலுத்தும் முறையை 1893இல் வெளியிட்ட நூலில் அவர் முன்வைத்தார். இவ்வாறு இயங்கும் பொறியின் உருளைக்கு நீர்க் குளிர்விப்புத் தேவைப்படாது என்பது அவர் கருத்து. அக்கோட்பாட்டின்படி, குளிர்நீர் பொறியின் குறைபாட்டைக் காட்டும் சான்றாகும்.

ஆக்ஸ்பர்க் சோதனைகள்

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் நிகழ்ந்த சோதனைகள் இக்கருத்திற்கு இடமளிக்கவில்லை. நூலில் கூறிய 250 வளிமண்டல அழுத்தம் எட்டப்படவில்லை; வெப்பநிலை மாறாத எரிதலும் கைவிடப்பட்டது. உருளைச் சுவரில் உயவெண்ணெய் நிலைத்திருக்கவும், பிஸ்டன் இறுகாதிருக்கவும் குளிர்விப்பு இன்றியமையாததாயிற்று. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்த பொறி நீரால் குளிர்விக்கப்பட்டதே. அதன் பயனுறுதிறன் 26.2 விழுக்காடு, அக்கால நீராவிப் பொறிகளை விட இது மிக உயர்வு. எனினும், எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சுழல்தண்டை எட்டவில்லை.

டென்மார்க்கில் வெப்பத்தின் மறுபயன்

கோபன்ஹேகனைச் சேர்ந்த புர்மைஸ்டர் அண்டு வைன் நிறுவனம் 1898இல் டீசல் பொறிக்கான உரிமம் பெற்றது. டென்மார்க்கின் உள்ளூர் மின்நிலையங்களில் டீசல் பொறிகள் இடம்பெற்றன. 1920களிலும் 1930களிலும் உள்ளூர் மின்னாக்கத்தில் எஞ்சிய வெப்பம் குழாய்கள் வழியே குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டது.

குளிர்நீரின் வெப்பநிலை பொதுவாகக் கொதிநிலைக்குக் கீழேயே இருக்கும். அதைக் கொண்டு மீண்டும் மின்னாக்கம் செய்வது பெரும் பயன் தராது. ஆனால் அறைகளைச் சூடாக்க அது போதுமானது. வெந்நீரை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது செலவு மிக்கது. ஆதலால் பொறி ஊருக்கு அருகில் அமைவது இன்றியமையாதது. கோடையில் வெப்பத்தின் தேவை குறைவதால் தனிக் குளிர்விப்பு ஏற்பாடும் வேண்டும். ஒரே பொறியின் ஒரே வெப்பம் குளிர்காலத்தில் விற்பனைப் பொருளாகவும், கோடையில் மீண்டும் கழிவாகவும் அமைந்தது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, இறக்குமதி எண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்த அந்நாட்டைத் தாக்கியது. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை பெரிதும் உள்ளூர் முயற்சியாக இருந்த வெப்ப வழங்கல் அதன்பின் நாடு தழுவிய திட்டமிடலுக்கு உட்பட்டது.

முடிவுரை

டீசல் ஒழிக்க எண்ணிய வெப்ப இழப்பைப் பொறியமைப்பு முற்றிலும் ஒழிக்கவில்லை. அதன் ஒரு பகுதிக்குப் பயன் தந்தவை குழாய்களும் குடியிருப்புகளும் சட்டமும் ஆகும். எனவே, பொறியின் வரலாற்றைச் சுழல்தண்டுத் திறனைக் கொண்டு மட்டும் எழுதுவது முழுமையாகாது. குளிர்நீர் சென்று சேர்ந்த இடத்தையும் கணக்கில் கொள்ளும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.