எம்டனும் தியத்தலாவை முகாமும்: ஜேர்மனிய வரலாறு ஊவாவைத் தொட்ட வகை

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவதில்லை. அது கடல் கடந்து பிற மக்களின் பேச்சிலும் பாட்டிலும் சட்டத்திலும் தடம் பதிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் ஜேர்மனிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இரு உலகப் போர்களும் நாற்சி ஆட்சியும் உலக இலக்கியத்தையும் அரசியலையும் பாதித்தமை பலரும் அறிந்ததே. ஆயின், ஊவா மலைச்சரிவில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே அமைந்த தெமோதரை போன்ற சிற்றூர்களை அவ்வரலாறு எவ்வாறு தொட்டது? மக்கள் நினைவில் நின்றது எது, நீங்கியது எது? அவ்வூரில் பிறந்து வளர்ந்தவன் என்ற வகையில் இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கின்றேன்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் நிற்கின்றது. முதலாம் உலகப் போருக்காக உருக்கு முழுவதும் திருப்பப்பட்டுவிட்டதனால், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே அதனைக் கட்டி முடித்தனர் என்பது எங்கள் பகுதியில் வழங்கும் செவிவழிக் கதை. அது முற்றிலும் மெய்யோ அன்றோ, தொலைவில் நிகழ்ந்த ஐரோப்பியப் போர் ஒன்றைக் கொண்டு தம் ஊர்ப் பாலத்திற்கு மக்கள் விளக்கம் கூறுவது கருதத்தக்கது.

போர் விட்டுச்சென்ற மற்றொரு தடம் ஒரு சொல்லாகும். ‘எம்டன்’ என்னும் ஜேர்மனியப் போர்க்கப்பல் 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் குதங்களைச் சுட்டுத் தீக்கிரையாக்கியது. இலங்கையைச் சூழ்ந்த கடற்பரப்பிலும் வணிகக் கப்பல்கள் பலவற்றைக் கைப்பற்றியும் மூழ்கடித்தும் பிரித்தானியரைக் கலங்கச் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பல் அதனை அழித்தது. கப்பல் அழிந்தது; சொல் அழியவில்லை. கண்டிப்பானவரையும் எவருக்கும் அஞ்சாதவரையும் ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கு தமிழிலும் சிங்களத்திலும் நிலைத்தது. 2006இல் வெளிவந்த ‘எம் மகன்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திற்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் ‘எம்டன் மகன்’ என்பதாகும். வெல்ல முடியாதவரெனக் கருதப்பட்ட ஆங்கிலேயரைச் சிலகாலமேனும் அலைக்கழித்த கப்பலின்மீது, அடிமைப்பட்ட மக்களுக்கு அச்சத்தோடு ஒருவகை வியப்பும் இருந்திருத்தல் இயல்பே.

அதே போரின் தொடக்கத்தில் ஜேர்மனியப் படை பெல்ஜியத்தின்மீது படையெடுத்தது. புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் பெல்ஜியத்தை வாழ்த்திக் கவிதை பாடினார். தாக்கியவனின் ஆற்றலை மக்கள் வழக்கு போற்றிவைத்தது. தாக்குண்டவனின் அறத்தைக் கவிஞன் போற்றினான். ஒரே வரலாற்று நிகழ்வு மக்கட் பண்பாட்டிலும் இலக்கியத்திலும் இருவேறு வகையில் பதிவாதலை இங்குக் காண்கின்றோம்.

இனி, மக்கள் வழக்கில் இடம்பெறாத ஒன்றை நோக்குவோம். தெமோதரை செல்லும் அதே புகையிரதப் பாதையில், பண்டாரவளைக்கு முன்னதாக வருவது தியத்தலாவை. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போயர் போர்க் கைதிகளை அடைத்துவைக்கப் பிரித்தானியர் இங்கு முகாம் அமைத்தனர். 1914இல் இலங்கையில் இருந்த ஜேர்மனியர் இங்குத் தடுத்துவைக்கப்பட்டனர். வீஸ்பாடனில் பிறந்து பௌத்த துறவியாகித் தொடந்துவையில் தீவு ஆசிரமம் நிறுவிய ஞானதிலோக தேரரும் அவர்களுள் ஒருவர். போர்முனையோடு எவ்விதத் தொடர்புமற்ற துறவியும், பிறந்த நாட்டின் பெயரால் பகைவராக எண்ணப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். பல்லாண்டு அலைவுக்குப் பின் 1926இல் இலங்கை திரும்பிய அவரை 1939இல் மீண்டும் அதே முகாம் ஏற்றது.

இம்முறை அவருடன் அடைக்கப்பட்ட மாணாக்கர் ஞானபொனிக்க தேரரின் வரலாறு இன்னும் கூர்மையானது. அவர் 1901இல் ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். நாற்சி அரசு 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் யூதரின் குடியுரிமைகளைப் பறித்தது. அடுத்த ஆண்டு இலங்கை வந்து அவர் துறவு பூண்டார். 1939இல் தாயாரையும் இங்கு வரவழைத்துக் காத்தார். அவ்வாண்டே போர் மூண்டது. யூதர் என்பதனால் ஜேர்மனி ஒதுக்கியவரை, ஜேர்மனியர் என்பதனால் பிரித்தானியர் சிறைப்படுத்தினர். தியத்தலாவையிலிருந்து பின்னர் வடஇந்தியாவின் தேராதூன் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், 1946இல்தான் விடுதலை பெற்றார். முகாம் வாழ்வின் நடுவிலும் சுத்த நிபாதம் முதலிய பாளி நூல்களை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார் என்பது போற்றத்தக்கது. 1958இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தவர்களுள் அவரும் ஒருவர்.

மலையகத் தமிழருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. ஞானபொனிக்கர் விடுதலை பெற்ற இரண்டாண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது. தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று வேண்டும் என்றது அச்சட்டம். இலயன் காம்பராவில் பிறந்து கொழுந்து பறித்தே மாண்டோருக்குப் பத்திரம் ஏது? 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது; 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்தது. இந்தியா சென்றோரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற பயணம் எங்கள் பகுதியில் இதே புகையிரதப் பாதையில்தான் தொடங்கியது.

இவ்விடத்தில் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தவறாகும். ஜேர்மனியில் உரிமைப் பறிப்பு இலட்சக்கணக்கானோரின் கொலையில் முடிந்தது. இலங்கையில் அவ்வாறு நிகழவில்லை. இரண்டையும் ஒன்றெனல் அங்கு மாண்டோருக்கு இழைக்கும் அநீதியாகும். எனினும் ஒருவர் செய்த செயலை நோக்காது, அவர் எவருக்குப் பிறந்தார் என்பதை மட்டும் நோக்கும் சட்டம் எங்குச் சென்றடையக்கூடும் என்பதற்கு ஜேர்மனிய வரலாறு எச்சரிக்கையாக நிற்கின்றது. நாஜிகளால் நாடிழந்த அறிஞர் ஹன்னா அரெண்ட், குடியுரிமையை இழந்தவன் ஏனைய உரிமைகளையும் காக்க வகையற்றவனாகின்றான் என 1951இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ‘நாடற்றோர்’ என்னும் சொல்லின் கனம் எங்கள் பாட்டன்மாருக்கு நூல் வழியாகத் தெரியவேண்டியிருக்கவில்லை.

ஞானதிலோகரும் ஞானபொனிக்கரும் 1950களின் தொடக்கத்தில் இலங்கைப் பிரசைகளாக ஏற்கப்பட்டனர். அது மகிழ்ச்சிக்குரியது. அதே காலத்தில், அம்முகாமைச் சூழ்ந்த தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தோர் விண்ணப்பப் படிவங்களுடன் காத்திருந்தனர். மலையகத்தில் எஞ்சிய நாடற்றோர் பிரசாவுரிமை பெறுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது.

சில கிழமைகளே இக்கடலில் உலாவிய எம்டனின் பெயரை நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகின்றோம். இரு போர்களிலும் மனிதரை அடைத்த முகாமை மறந்துவிட்டோம். வலியவனை நினைவிற்கொள்ள வழக்கு போதும். எளியவனை நினைவிற்கொள்ள எழுத்து வேண்டும். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த எம் தலைமுறை அவ்வெழுத்தைத் தன் கடனாகக் கொள்ளுமாக.