வந்த வழியும் முந்திய பக்கமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக்குடா. அதன் தென்கரையில் உள்ளது மூதூர். அங்கிருந்து தரைவழியே நகருக்குச் செல்வோர் முன்னாளில் நீர்த்துறைகளைப் 'பாதை' எனப்படும் மிதவைகளில் ஏறிக் கடந்தனர். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டிலேதான். ஆதலால் பலர் லோஞ்சில் ஏறிக் குடாவைக் குறுக்கே கடந்தே நகரை அடைந்தனர். அவ்வாறு வந்த ஒருவர் மாலையில் திரும்ப எண்ணுகிறார். "தெரு வரிசையில் நகருக்கு முந்திய இடம் சீனக்குடா, அங்கே செல்லும்" என ஒருவர் வழிகாட்டினால் எப்படியிருக்கும்? வரிசை சரியே. ஆயினும் அவர் வந்த வழி அதுவன்று.

கணினிவழிப் பாடங்கள் பல இவ்வாறே வழிகாட்டி வந்திருக்கின்றன.

கிளைவிட்டுச் செல்லும் பாடம் முதலில் அச்சு நூலாகவும் இருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கராகிய நார்மன் கிறவுடர், பக்கங்களைக் கலைத்து அடுக்கிய பாடநூல்களை ஆக்கினார். வினாவுக்கு நாம் தெரியும் விடைக்கேற்ப வெவ்வேறு பக்கத்துக்குச் செல்லல் வேண்டும். தவறான விடையின் பக்கத்திலே தவறு விளக்கப்பட்டு, மீள வேண்டிய பக்க எண்ணும் தரப்பட்டிருக்கும். திரும்பும் வழியை ஆசிரியரே எழுதிவைத்தார். போதாக்குறைக்கு, வாசகர் பழைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொள்ளலாம். வானொலி கேட்கும் உங்களுக்கோ அந்த விரலும் இல்லை!

வாசகர் சென்ற தடத்தையே பொறி காத்து வைக்க வேண்டும் என்னும் கருத்தை வன்னேவர் புஷ் 1945இலேயே வெளியிட்டிருந்தார். 1965இல் தெட் நெல்சன் 'மீயுரை' என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். 1993இல் வெளிவந்த மொசைக் போன்ற உலாவிகளால் 'பின்செல்' பொத்தான் பொதுமக்களின் கைக்கு வந்தது. அதன் நுட்பம் எளிது. கண்ட பக்கங்கள் ஓலைகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பின்செல்லும்போது மேலோலை நீங்க, அதன் கீழுள்ளது தோன்றும்.

பாடங்களை ஆக்கியோர் வேறொரு நெறியில் நின்றனர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியால் எழுந்த 'ஸ்கோர்ம் 2004' என்னும் நியமத்திலே, 'முந்தியது' என்னும் கட்டளை பாட அமைப்பின் வரிசையில் முந்திய அலகையே குறித்தது. மாணவர் எங்கிருந்து வந்தார் என்பதை அது கேட்பதில்லை. நேர்கோட்டுப் பாடத்தில் இரண்டும் ஒன்றே. கிளைப் பாடத்தில் அவை வேறு வேறு.

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். மூதூரில் ஒரு சிறுமி தந்தையின் கைப்பேசியில் குருதிச் சுற்றோட்டம் படிக்கிறாள் என்று கொள்வோம். 'ஈமோகுளோபின்' என்னும் சொல்லைத் தொட்டு இரசாயனப் பாடத்துக்குச் செல்கிறாள். 'முந்தியது' என அழுத்தினால், அவள் ஒருபோதும் காணாத இரசாயன அலகொன்று வருகிறது. உலாவியின் பொத்தானை அழுத்தினாலோ பாடமே மூடிக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய டேட்டாவும் வீண். பிழை தன்னுடையதே என எண்ணி அவள் கைப்பேசியை வைத்துவிடுவாள். அஃது அவள் பிழையன்று.

உலாவியை நம்பியிராது, பாடமே தன்னுள் அந்த ஓலையடுக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: பின்செல்லுதல் இடத்தை மாத்திரம் மாற்ற வேண்டும்; எழுதிய விடையையோ பெற்ற புள்ளியையோ அழித்தலாகாது. ஒப்படைத்த சோதனைத்தாளை மீண்டும் பார்க்கலாம், திருத்தலாகாது. வரிசைப் பொத்தானை நீக்க வேண்டுமென நான் சொல்லேன். இரண்டும் இருக்கட்டும், ஒன்றுக்கு 'முந்திய பாடம்' என்றும் மற்றதற்கு 'வந்த இடம்' என்றும் பெயர் எழுதினால் போதும்.