கானாவின் மரபுவழித் தலைவர்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் நாடாளுமன்றமும் மாவட்ட மன்றங்களும் ஒருபுறம் இயங்க, பரம்பரைத் தலைவர்களின் அமைப்பும் இன்றுவரை செல்வாக்குடன் நீடிக்கிறது. 1992 அரசமைப்பின் 270ஆம் பிரிவு அதற்குக் காப்பளிக்கிறது. ஒரு தலைவரை அங்கீகரிக்கும் உரிமையையோ அந்த அங்கீகாரத்தைப் பறிக்கும் உரிமையையோ எவருக்கும் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது. தலைவர்களும் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க விரும்புபவர் பதவியைத் துறந்தாக வேண்டும்.

தெற்கே அக்கான் மக்களிடையே தலைமையின் சின்னம் மரப்பீடம். வடக்கே விலங்குத் தோல். அக்கான் மரபு தாய்வழிப்பட்டது. 'ஒஹேமா' எனப்படும் அரசியன்னை முன்மொழிபவரை மூத்தோர் ஏற்றால்தான் அவர் தலைவராவார். முறை தவறினால் பீடத்திலிருந்து இறக்கவும் வழியுண்டு. அவையில் தலைவரிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. 'ஒச்சியாமே' என்னும் அவைப் பேச்சாளர் வழியாகவே பேச்சு நடக்கும். அவர் ஏந்தும் கோலின் உச்சியில் பொற்தகடு போர்த்திய சிற்பம் இருக்கும். முட்டையைப் பிடித்திருக்கும் கை இத்தகைய சிற்பங்களில் பெயர்பெற்றது: அதிகாரத்தை இறுக்கினால் நொறுங்கும், தளர்த்தினால் நழுவும்.

பிரிட்டிஷார் 1896இல், அக்கான் அரசுகளில் ஒன்றான அசாந்தேயின் மன்னர் முதலாம் பிரெம்பேயைச் சிறைபிடித்து, பின்னர் செஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தினர். 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் அசாந்தேயரின் புனிதச் சின்னமான தங்கப் பீடத்தைக் கேட்டதும் எஜிசுவின் அரசியன்னை யா அசாந்தேவா போருக்குத் தலைமை தாங்கினார். பிற்பாடு அதே காலனி அரசு தலைவர்களைக் கொண்டே ஆண்டது. விடுதலைக்குப் பின் முதல் பிரதமரான ந்க்ரூமாவின் அரசு அவர்களின் அதிகாரத்தை வெகுவாகக் குறைத்தது.

இன்று அவர்களின் பெரும்பணி வழக்குத் தீர்ப்பது. வடக்கே தக்போன் மன்னர் இரண்டாம் யாகூபு அந்தானி 2002இல் அரசுரிமைப் பூசலில் கொல்லப்பட்டபின், அசாந்தே மன்னர் இரண்டாம் ஒசேய் டுட்டு உள்ளிட்ட மூன்று பெருந்தலைவர்கள் கொண்ட குழு சமரசம் பேசியது. 2019 ஜனவரியில் புதிய மன்னர் பதவியேற்றார். பல ஆண்டுகள் பொறுமையாகப் பேசிக் கண்ட தீர்வு என்பதால் இது தனிச்சிறப்புடையது. தலைவர்கள் வளர்ச்சிப் பணியிலும் ஈடுபடுகிறார்கள்: ஒசேய் டுட்டு 1999இல் பதவியேற்றதும் தொடங்கிய கல்வி நிதி ஏழை மாணவர்களுக்கு உதவுகிறது.

அமைப்பின் பலவீனம் நிலத்தில் இருக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு வழக்காற்று உரிமையில் உள்ளது. பீட நிலங்கள் மக்களின் சார்பில் பீடத்திடம் இருப்பவை. தலைவரின் சொந்தச் சொத்தல்ல. அவற்றின் வருவாயில் நிர்வாகச் செலவுக்கு 10 விழுக்காடு போக, எஞ்சியதில் பீடத்துக்கு 25, மரபு மன்றத்துக்கு 20, மாவட்ட மன்றத்துக்கு 55 விழுக்காடு என அரசமைப்பு பங்கிடுகிறது. ஆனால் நகரை ஒட்டிய விளைநிலத்தை மனைகளாக்கி விற்கும்போது கைமாறும் பெருந்தொகை 'காணிக்கைப் பணம்' என்ற பெயரில் இந்தக் கணக்குக்குள் வராமல் போவதுண்டு. அதே நிலத்தில் தலைமுறைகளாக உழுதவர்கள் வெறுங்கையோடு வெளியேறுகிறார்கள். வளர்ச்சியில் தலைவர்களின் பங்கை மதிப்பிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

அரசியன்னையரின் பணி குறைவாகவே பேசப்படுகிறது. மான்யா க்ரோபோ பகுதியில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளை அரசியன்னையர் தங்கள் வீடுகளிலேயே வைத்து வளர்த்தனர். ஆயினும் தேசிய, வட்டாரத் தலைவர் அவைகள் நெடுங்காலம் ஆண்களின் அவைகளாகவே இருந்து வந்தன.