ஒரு மணி நேரத்துல பார்த்துட்டு கிளம்பிடாதீங்க... தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் கொடுங்க!

கிழக்குக் கடற்கரை வழியா காரைக்காலுக்கோ நாகூருக்கோ போகும்போது பலரும் தரங்கம்பாடியில் வண்டியை நிறுத்துவாங்க. கோட்டை முன்னாடி நாலு செல்ஃபி, கடற்கரையில் ஒரு ரீல்ஸ், அப்புறம் கிளம்பிடுவாங்க. ``சின்ன ஊருதானே, இவ்வளவுதான்" என்று தோன்றும். ஊர் சின்னதுதான். நுழைவாயிலிலிருந்து கடல் வரை பத்து நிமிஷத்தில் நடந்துவிடலாம். ஆனால், அந்தப் பத்து நிமிஷ நடையில் 700 வருஷக் கதை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனால், அதே தெரு வேற மாதிரி தெரியும்.

டென்மார்க் எப்படி இங்கே வந்தது?

மிளகுக்காகத்தான். 1620-ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு டென்மார்க் கடற்படைத் தளபதி ஓவ் கெட்டே ஒப்பந்தம் போட்டார். கோட்டை கட்டவும் வியாபாரம் செய்யவும் அனுமதி கிடைத்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

இடையில் சில வருஷங்கள் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததைத் தவிர, 225 ஆண்டுகள் இது டேனிஷ்காரர்களின் ஊர். 1845-ல், வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அந்தத் துறைமுகத்தை நோக்கி நகர, தரங்கம்பாடி அப்படியே தூங்கிப்போனது. பெரிய ஊராக வளர்ந்திருந்தால் இந்தப் பழைய வீடுகளை என்றைக்கோ இடித்திருப்பார்கள். வளராமல் போனதால்தான் நமக்கு மிச்சம் கிடைத்திருக்கிறது.

வாயிலில் தொடங்குங்க

1792-ல் கட்டப்பட்ட வெள்ளை நிற நுழைவாயில்தான் ஊரின் முகம். வண்டியை அங்கேயே விட்டுட்டு நடங்க. உள்ளே போனால் கிங் ஸ்ட்ரீட். ஒரே தெருவில் இரண்டு பழைய தேவாலயங்கள். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம்.

இரண்டாவது ஆலயத்துக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்க. இதைக் கட்டிய சீகன்பால்க் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜெர்மனியிலிருந்து மதம் பரப்ப 1706-ல் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியரை வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். பிறகு அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்தன, காகிதம் ஏகத்துக்கும் செலவானது. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்திலேயே காகிதப் பட்டறையும் தொடங்கினார்கள். 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 36 வயதில் அவர் இறந்துபோனார்.

இப்போ போன்ல ரெண்டு விரலால தமிழ் டைப் பண்றோமே, ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்தையும் உலோகத்தில் வார்த்து, கையால் கோத்த ஊர் இது. அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அச்சுத் தொழிலில் ஆர்வம் இருந்தால் கட்டாயம் போங்க.

கோட்டையில் என்ன பார்க்கணும்?

தெருவின் கடைசியில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளம் கிடங்குகள், வீரர்கள் தங்கும் அறைகள், சிறை. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியார்களும் வாழ்ந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதிகாரிகள் தங்கும் பங்களாவாகவும் இருந்தது. 1978-ல் தமிழகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகத்தை அவசரமில்லாமல் பார்த்துவிட்டு, மேல்தளத்தில் காற்று வாங்குங்க.

கடல் எடுத்துக்கொண்டது

கோட்டைக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது ஊராக இருந்தது என்பதற்கு இந்தக் கோயில்தான் சாட்சி. இதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது. அலைத் தடுப்புக்குக் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம் மிச்சக் கோயில் நிற்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் நூற்றுக்கணக்கானவர்களை இழந்தது. நீங்கள் போட்டோ எடுக்கும் கடற்கரையில் வலை உலர்த்துகிற அண்ணன்களில், அக்காக்களில் பலருக்கு அன்றைக்கு வீட்டில் ஒருவராவது இல்லாமல் போயிருக்கலாம். அதுக்குப் பிறகுதான் இன்டாக் அமைப்பும் டென்மார்க் அறக்கட்டளைகளும் சேர்ந்து பழைய கட்டடங்களைச் சீரமைத்தார்கள். கவர்னர் மாளிகை மட்டும் இல்லை, கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சாதாரண திண்ணை வீடுகளும் அதில் உண்டு. அங்கே இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். அதனால, திண்ணையில் உட்கார்ந்து போஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, ``உட்காரலாமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டால் ஊர்க் கதையே கிடைக்கும்.

போறதுக்கு முன்னாடி...

* மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பஸ் வசதி உண்டு.

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் பார்த்துப் போங்க. ஜனவரி, பிப்ரவரி சுகமாக இருக்கும்.

* முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்க. கிழக்குக் கடல் என்பதால் சூரிய உதயம்தான் இங்கே ஸ்பெஷல். மதிய வெயிலில் வந்து போனால் பாதி ஊரைத் தவறவிடுவீங்க.

* கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். அலையும் பாறையும் ஆபத்து.

* கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்காதீங்க. பாட்டிலைக் கையோடு எடுத்துட்டு வந்துடுங்க.

* டீ, சாப்பாடு, மீன் எல்லாம் ஊர்க்கடையிலேயே வாங்குங்க. நீங்க செலவழிக்கிற நூறு ரூபாய் இங்கே இருக்கிறவங்களுக்குப் போகட்டும்.

* இன்னொரு நாள் இருந்தால் திருக்கடையூரும் பூம்புகாரும் பக்கத்திலேயே இருக்கு.

தரங்கம் என்றால் அலை. சாயங்காலம் கூட்டம் கலைஞ்சதும் போனை பாக்கெட்டில் போட்டுட்டு, கோட்டை மதில் ஓரமா பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. ஊருக்கு ஏன் இந்தப் பேர் வந்ததுன்னு காதே சொல்லிடும்!