மணலில் எழுதிய விரல்கள்

குழந்தைக்கு முதல் எழுத்தைக் கற்பித்தது ஏடா, பலகையா என்று சோழநாட்டின் பழைய தலைமுறையினரைக் கேட்டிருந்தால், இரண்டுமல்ல, மணல்தான் என்றிருப்பார்கள். திண்ணையிலோ மரத்தடியிலோ மணலைப் பரப்பி, சுட்டுவிரலால் அகரத்தை எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிப் பழகியவர்கள் நம் முன்னோர். விரல் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. அந்த மணலின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்பது இன்று நமக்கு நலம் பயக்கும்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-இல் டேனியர் உரிமை பெற்ற கடற்கரை ஊர் தரங்கம்பாடி. அங்கே 1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செருமானிய லூத்தரன் குருமார் இருவர் வந்திறங்கினர். தமிழ் கற்க வழி தேடிய அவர்கள், முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தனர். பல்கலைக்கழகம் கண்ட அவ்விருவரும் சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினர். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்குவின் தமிழ்க் கல்வி அந்த மணலில்தான் தொடங்கியது. அவர் நம் திருச்சபையைச் சாராதவர். எனினும், கற்பதற்காகக் குழந்தையாகத் தாழ்ந்த அவருடைய பணிவு நமக்கும் பாடமாகும்.

மணலின் சிறப்பு யாது? அதில் தவறு தங்குவதில்லை. எழுத்துப் பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி மீண்டும் எழுதலாம். சிவப்பு மையில்லை, மதிப்பெண்ணில்லை. விரல் உணர்கிறது, கண் காண்கிறது, வாய் சொல்கிறது, செவி கேட்கிறது. குழந்தைக்கு அது பாடமும் விளையாட்டுமாகிறது. வீட்டிலோ பல்லாங்குழி காத்திருந்தது. 14 குழிகளில் ஐந்தைந்தாக 70 புளியங்கொட்டைகளை இட்டு ஆடிய சிறுமி, கூட்டலையும் பங்கிடுதலையும் எவரும் கற்பிக்காமலே கற்றாள்.

ஆயினும் பழமையைப் பொன்னாக்கிப் பேசுதல் உண்மைக்கு ஒவ்வாது. அந்தத் திண்ணைகளில் பிரம்பும் இருந்தது. சிறுவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. நாற்று நட்டு நெல்லறுத்த உழைப்பாளரின் பிள்ளைகளுக்கோ திண்ணையில் இடமே இல்லை. மணல் எல்லாருக்கும் பொதுவாயினும் பள்ளி பொதுவாக இருக்கவில்லை.

அந்த மணல் கடலையும் கடந்தது. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அதனுடன் இணைத்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே மணல் சிக்கனத்தின் கருவியாயிற்று. வரிசை வரிசையாகச் சிறுவர் அமர்ந்தனர்; ஒரே ஆசிரியர் பல நூறு பேரை ஆண்டார். மணலைக் கொண்டு சென்றவர்கள் விளையாட்டை இங்கேயே விட்டுச் சென்றனர்.

விட்டுப்போன அதை நமக்கு நினைவூட்ட வந்தவர் போல, 1939 நவம்பரில் மரியா மாந்தெசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1907-இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய கத்தோலிக்க மருத்துவர் அவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி அறிவது அவருடைய முறை. நம் பாட்டன்மார் விரலால் உணர்ந்த அதே சொரசொரப்பு! போரின் காரணமாக இங்கேயே தங்க நேர்ந்த அவர், 1942 முதல் ஈராண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்து கற்பித்தார். குழந்தையின் விளையாட்டை அவர் ‘வேலை’ என்றே மதித்தார்.

இவற்றையெல்லாம் படித்திருந்தும் நாம் செய்தது என்ன? பங்குப் பள்ளியொன்றின் தாளாளராயிருந்தபோது, மழலையர் வகுப்பின் முன் கிடந்த மணற்குவியலை அகற்றிச் சிமெண்டுத் தளம் போடச் சொன்னவர் நாமே. பிள்ளைகளின் உடை அழுக்காகிறது என்று பெற்றோர் குறைகூறினர். மூன்று வயதிலேயே வீட்டுப்பாடம் வேண்டுமென்றும் கேட்டனர், அதற்கும் இசைந்தோம். அடுத்த ஆண்டு ஒரு சிறுமி, தான் எழுதிய எழுத்து பிழையாகிவிட்டதென்று, நோட்டுத் தாளைக் கிழித்து வாயில் திணித்துக்கொண்டு அழுவதைக் கண்டோம். அழிக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. மணலாயிருந்தால் ஒரு கை தடவலில் தீர்ந்திருக்கும் துயரம் அது.

நற்செய்தி நூல்களில் ஆண்டவர் எழுதியதாக வரும் ஒரே இடத்தில், அவர் தரையில் விரலால் எழுதினார். தவறிய பெண்ணைக் கல்லெறிய வந்தவர்கள் நடுவே நிகழ்ந்தது அது. தவற்றுக்குத் தண்டனை தேடும் நமக்கு அது எட்டவேண்டும். மழலையர் வகுப்புள்ள ஒவ்வொரு பங்கிலும், குழந்தைகள் பயமின்றிப் பிழை செய்ய ஒரு பிடி மணலாவது இருக்கட்டும்.