எதிராளியைத் தேர்ந்தெடுத்த கதை – 1972

எதிர்க்கட்சியில யார் நின்னா நமக்கு வசதின்னு ஆளுங்கட்சிக்காரங்க கணக்கு போடறது எல்லா ஊர்லயும் உண்டு. கணக்கோட நிறுத்தாம, காசு செலவழிச்சு ஆள் வச்சு அதை நடத்திக் காட்டப் பார்த்தது அமெரிக்காவுல ரிச்சர்ட் நிக்சனோட கோஷ்டி. வாட்டர்கேட் என்றதும் 1972 ஜூன் 17 ராத்திரி பிடிபட்ட அஞ்சு பேர்தான் நமக்கெல்லாம் ஞாபகம் வரும். அதுக்கு முன்னாடி ஜனநாயகக் கட்சியோட பிரைமரியில நடந்த கூத்து அதைவிட சுவாரசியம்.

பிரைமரின்னா, கட்சி வேட்பாளர் யாருன்னு மாநிலம் மாநிலமா ஓட்டு போட்டு முடிவு பண்றது. 1968 வரைக்கும் இது பாதி ஒப்புக்குத்தான். அந்த வருஷம் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில கூட இறங்காம, சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனார். வெளியே தெருவுல, வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களைப் போலீஸ் அடிச்சு நொறுக்கிக்கிட்டிருந்தது. அந்த அவமானத்துக்கு அப்புறம் விதிகளைத் திருத்த ஒரு குழு போட்டாங்க. தலைவர், தெற்கு டகோட்டா செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன். 1971 ஜனவரியில அவரே போட்டியில குதிச்சிட்டார். கேள்வித்தாள் தயாரிச்சவரே பரீட்சை எழுத வந்து உட்கார்ந்த மாதிரி :-)

ஆனா அப்ப முன்னணியில இருந்தவர் மெய்ன் மாநில செனட்டர் எட்மண்ட் மஸ்கி. 1968-ல துணை அதிபர் வேட்பாளர், நிதானமான மனுஷர்னு பேர். 1971-ல சில கருத்துக்கணிப்புகளில் நிக்சனையே முந்தினார். நிக்சன் ஆட்கள் பயந்தது இவருக்குத்தான். டொனால்ட் செக்ரெட்டி என்கிற இளம் வக்கீலைப் பிடிச்சு, எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்குள்ள மூட்டி விடற வேலையைக் கொடுத்தாங்க. ஃப்ளோரிடாவுல மஸ்கியோட லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் சுத்துக்கு வந்தது. சக போட்டியாளர்கள் ஹம்ப்ரி, ஹென்றி ஜாக்சன் ரெண்டு பேர் மேலயும் அசிங்கமான பாலியல் குற்றச்சாட்டு. செக்ரெட்டி பின்னால இதுக்கெல்லாம் ஜெயிலுக்குப் போனார்.

இதுக்கு முன்னாடியே நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு கடிதம். பிப்ரவரி 24-ம் தேதி மான்செஸ்டர் யூனியன் லீடர் பத்திரிகை வெளியிட்டது. பிரெஞ்சு கனடிய வம்சாவளியினரை மஸ்கி தரப்பு இழிவா பேசிச் சிரிச்சதா, எழுத்துப்பிழையோட யாரோ எழுதியிருந்தாங்க. அந்த மாநிலத்துல அந்த வம்சாவளி ஓட்டு நிறைய. அதே பத்திரிகை மஸ்கி மனைவியைப் பத்தியும் மட்டமா எழுதியிருந்தது. மஸ்கி நேரா அந்தப் பத்திரிகை ஆபீஸ் வாசலுக்குப் போய், கொட்டற பனியில ஒரு லாரி மேல நின்னு பேசினார். குரல் உடைஞ்சது. அழுதார்னு செய்தி வந்தது. முகத்துல உருகின பனிதான்னு அவர் சொன்னார்.

மார்ச் 7-ல அவர் ஜெயிச்சார், 46-க்கு 37 சதவீதம். ஆனா பக்கத்து மாநிலத்துல பாதி ஓட்டு கூட வரலையேன்னு அதைத் தோல்வியாவே எழுதினாங்க. ஒரே வாரத்துல ஃப்ளோரிடாவுல நாலாவது இடம். அங்கே ஜெயிச்சது இனப்பிரிவினை பேசின ஜார்ஜ் வாலஸ்! ஏப்ரல் கடைசியில மஸ்கி ஒதுங்கிட்டார். அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி போட்டது: வெள்ளை மாளிகை அதிகாரி கென் கிளாசன், அந்தக் கடிதத்தை எழுதினது தான்தான்னு ஒரு நிருபர்கிட்ட சொன்னாராம். அவர் மறுத்துட்டார்.

நிக்சன் கோஷ்டிதான் மஸ்கியைக் கவிழ்த்ததுன்னு சொல்றவங்க நிறைய. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மஸ்கி கையில இருந்த பெரிய வாதமே 'என்னால நிக்சனை ஜெயிக்க முடியும்' என்பதுதான். ஒரு தடவை சறுக்கினா அந்த வாதமே காலி. மெக்கவர்ன் பின்னாடி வந்தவங்களுக்குப் போரை நிறுத்தணும்னு ஒரு காரணம் இருந்தது. அவர் சறுக்கினாலும் அந்தக் காரணம் சறுக்காது. தெருத்தெருவா ஏறி இறங்க ஆள் கிடைச்சதும் அதனாலதான்.

அப்புறம் கலிஃபோர்னியா. ஹம்ப்ரி டிவி விவாதங்களில் மெக்கவர்னைக் கிழிச்சார். ராணுவச் செலவை வெட்டினா நாட்டுக்குப் பாதுகாப்பு ஏது, தலைக்கு 1000 டாலர் கொடுக்கற திட்டத்துக்குப் பணம் எங்கேன்னு கேட்டார். நியாயமான கேள்விகள்தான். நம்ம தொழில்ல ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்டிங் நடக்கற மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே பக் ரிப்போர்ட் எல்லாம் ஊருக்கே தெரியும், போட்டிக் கம்பெனிக்காரன் முதல் வரிசையில உட்கார்ந்து எழுதிக்குவான். ஜூன் 6-ல மெக்கவர்ன் ஜெயிச்சார். கொஞ்ச மாசத்துல நிக்சன் தரப்பு டிவி விளம்பரத்துல, மேசை மேல இருந்த பொம்மை சிப்பாய்களை ஒரு கை வாரிக்கிட்டுப் போச்சு. பின்னணியில மெக்கவர்ன் திட்டத்தைப் பத்தி ஹம்ப்ரி சொன்ன வார்த்தைகள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது 'நிக்சனுக்கான ஜனநாயகக் கட்சியினர்' என்ற அமைப்பு. எதிர்க்கட்சிக்குள்ள இருந்தே அப்படி ஒரு அமைப்பு! செக்ரெட்டி எல்லாம் சில்லறைச் செலவு.

நவம்பரில் 49 மாநிலம் நிக்சனுக்கு. மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்.

ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. அந்த ஏப்ரல்ல பத்தி எழுத்தாளர் ராபர்ட் நோவக் ஒரு ஜனநாயகக் கட்சி செனட்டரை, பேர் போடாம மேற்கோள் காட்டினார். போரிலிருந்து தப்பி ஓடினவங்களுக்குப் பொதுமன்னிப்பு, கருக்கலைப்பு, கஞ்சா எல்லாத்துக்கும் மெக்கவர்ன் ஆதரவுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா ஆள் தொலைஞ்சார் என்கிற அர்த்தத்துல. அது கொஞ்சம் திரிஞ்சு, எதிர்த்தரப்போட கோஷமாவே மெக்கவர்னைக் கடைசிவரை துரத்தியது. அந்த செனட்டர் தாமஸ் ஈகிள்டன்தான்னு நோவக் 2007-ல, ஈகிள்டன் இறந்த பிறகு சொன்னார். 1972 ஜூலையில மெக்கவர்ன் தனக்குத் துணை அதிபர் வேட்பாளரா முதல்ல தேர்ந்தெடுத்தது அதே ஈகிள்டனைத்தான்.